மறைந்தொழுகும் மின்சாரம்

மாலையில் நன்றாக ஓடிவந்து கொட்டகையில் நின்ற மோட்டார் கார், சில நாள் கழித்துச் சாவியைத் திருப்பும்போது உயிரற்றதுபோல் கிடப்பதுண்டு. நள்ளிரவில் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய வேளையில் இவ்வாறு நேருமாயின், அது பெருந்துன்பமாய் முடியும். காருக்கு உரியவர் பாட்டரியே பழுதென்று கருதிப் புதியதொன்று வாங்கிப் பொருத்துவார். சில நாளில் அதுவும் வறண்டுவிடும். குடத்தில் ஓட்டை இருக்க, நீரைக் குறைகூறிப் பயன் என்ன?

பாட்டரி என்பது மின்னாற்றலைச் சேர்த்து வைக்கும் களஞ்சியம். எஞ்சின் ஓடும்போது அது நிரம்பும். எஞ்சின் நின்றபின்னும் கடிகாரம், திருட்டைத் தடுக்கும் மணி முதலியன அதிலிருந்து சிறிது மின்சாரம் பெறும். பெரும்பாலான கார்களில் இச்செலவு 50 மில்லி ஆம்பியருக்கு மேற்படுவதில்லை. ஆனால், சாமான் பெட்டியினுள் 5 வாட் விளக்கொன்று அணையாது எரியுமாயின், 12 வோல்ட் பாட்டரியிலிருந்து 400 மில்லி ஆம்பியருக்குச் சற்று மேலாக மின்சாரம் ஒழுகும். 40 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பாட்டரி நான்கே நாளில் வெறுமையாகும். மூடிய பெட்டியினுள் எரியும் விளக்கை யார் காண்பார்?

இக்கள்வனைப் பிடிக்க உதவும் கருவி அம்மீட்டர். முதலில் பாட்டரியை முழுதும் நிரப்புதல் வேண்டும். பின்னர் விளக்குகளை அணைத்து, சாவியை எடுத்து, கதவுகளைச் சாத்துதல் வேண்டும். பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, அம்முனைக்கும் கம்பிக்கும் இடையே அம்மீட்டரை இணைப்பர். இக்காலக் கார்களில் உள்ள மின்னணுக் கருவிகள் உடனே ஓய்வதில்லை. ஆதலின் ஒரு மணி நேரம் வரை பொறுத்திருந்தே அளவைக் காணுதல் தகும். இணைப்பு இருக்கும்போது எஞ்சினை இயக்கலாகாது. இயக்கினால் பெருமின்னோட்டம் பாய்ந்து அம்மீட்டர் பழுதாகும்.

அளவு மிகுதியாயின், பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். ஒவ்வொரு பியூஸும் ஒரு மின்வழியின் வாயில். எதனைக் கழற்றியதும் அம்மீட்டரின் அளவு சட்டெனக் குறைகின்றதோ, அவ்வழியிலேயே குற்றம் உளது. அவ்வழியிலுள்ள விளக்கு, வானொலி முதலியவற்றைத் தனித்தனியே ஆராயின் உண்மை வெளிப்படும். எதனைக் கழற்றியும் குறையாவிடின், பியூஸ் வழியே செல்லாத ஆல்டர்னேட்டர் முதலியவற்றை ஐயுறல் வேண்டும்.

ஊகத்தால் புதுப் பாட்டரி வாங்கியவருக்குப் பொருள் அழிந்தது, குறையோ நீங்கவில்லை. பொறுமையோடு ஒவ்வொன்றாய் விலக்கிக் கண்டவர், சிறு விளக்கின் பித்தான் ஒன்றை மாற்றிக் குறை தீர்ப்பார். காரணத்தை அளந்தறிந்து களைவதே அறிவியல் நெறி.