ரத்தம் கெட்டியானால் உடம்புக்கு எப்படித் தெரியும்?

"டாக்டர், என் ரத்தம் ரொம்பக் கெட்டியாம். நீர்க்க வைக்க மாத்திரை குடுத்திருக்காங்க. ஆறு மாசமாச்சு, இப்ப நீர்த்திருக்கும்தானே, நிறுத்திடலாமா?" சங்க விழாக்களில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. குழப்பம் பெயரில் இருக்கிறது. ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற மாத்திரைகள் ரத்தத்தை நீர்க்க வைப்பதே இல்லை. தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதைத்தான் தடுக்கின்றன. 'நீர்த்தாச்சு' என்று எண்ணி, ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர் தாமாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம்.

சரி, உண்மையான கெட்டித்தன்மையை யார் கவனிக்கிறார்கள்?

ரத்தத்தின் பாகுத்தன்மை தண்ணீரைப் போல மூன்று, நான்கு மடங்கு. முக்கியக் காரணம் சிவப்பணுக்கள். ரத்தத்தில் அவை அடைத்துக்கொள்ளும் பங்கைத்தான் பரிசோதனைச் சீட்டில் பி.சி.வி. அல்லது ஹீமடோகிரிட் என்று போடுகிறார்கள். ஆண்களுக்குச் சுமார் 45 சதவீதம். அது 60 ஆனால் பாகுத்தன்மை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். இத்தனை முக்கியமானதை அளக்க உடம்பில் தனி மானி கிடையாது. சுற்றுவழியில்தான் அறிகிறது.

முதலாவது, ரத்தக்குழாயின் உட்சுவர். அங்கே ஒற்றை அடுக்காகப் பதிந்திருக்கும் எண்டோதீலியச் செல்கள், ஓடும் ரத்தம் தம்மை உரசும் விசையை உணர்கின்றன. ஓட்டம் வேகமானாலும் உரசல் கூடும். ரத்தம் கெட்டியானாலும் கூடும். உடனே அவை நைட்ரிக் ஆக்சைடு வாயுவை வெளிவிட, சுற்றியுள்ள தசை தளர்ந்து குழாய் விரிகிறது. (இந்த வாயுவின் பங்கைக் கண்டறிந்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது.) சிறிது விரிந்தாலே போதும். ஆரம் இரட்டித்தால் ஓட்டம் பதினாறு மடங்காகும் என்பது 19-ஆம் நூற்றாண்டில் புவாஸே என்ற பிரெஞ்சுக்காரர் நுண்குழாய்களில் சோதித்துக் கண்ட விதி.

2000-இல் சூரிச் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், மரபணு மாற்றிய எலிகளின் ஹீமடோகிரிட் 80 சதவீதம்! அப்படியும் ரத்த அழுத்தம் ஏறவில்லை. நைட்ரிக் ஆக்சைடு உண்டாவதை மருந்தால் தடுத்ததும் அழுத்தம் ஏறி எலிகள் செத்தன.

இரண்டாவது, சிறுநீரகம். ஆக்சிஜன் குறைந்தால் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து, சிவப்பணுக்களை உண்டாக்கும்படி எலும்பு மஜ்ஜையை முடுக்குவது இதுதான். இந்த வேலை ஏன் சிறுநீரகத்துக்கு? மற்ற உறுப்புகளில் ரத்த ஓட்டம் குறைந்தாலே ஆக்சிஜன் குறைந்துவிடும். சிறுநீரகத்தில் ஓட்டம் குறைந்தால் வடிகட்டும் வேலையும் குறையும், ஆக்சிஜன் செலவும் கூடவே குறையும். ஆகவே ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தில் அவ்வளவாக ஏமாறாமல், ரத்தம் எவ்வளவு ஆக்சிஜன் சுமந்து வருகிறது என்பதை அது கணித்துவிடுகிறது. படிக்கிற காலத்திலிருந்து எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

ஆனால் கெட்டித்தன்மையைப் பற்றி அதற்குக் கவலையில்லை. புகைபிடிப்பவர், தூக்கத்தில் மூச்சு தடைபட்டுக் குறட்டை விடுபவர், 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் மாதக்கணக்கில் தங்குபவர் எல்லோரிடமிருந்தும் 'ஆக்சிஜன் போதவில்லை' என்ற ஒரே செய்திதான் அதற்குப் போகிறது. சிவப்பணுக்கள் பெருகுகின்றன.

ஆண்களுக்கு 49, பெண்களுக்கு 48 சதவீதத்தைத் தாண்டி பி.சி.வி. திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். தண்ணீர் குடிக்காததாலும் ஏறியிருக்கலாம். அது சுலபமாகச் சரியாகிவிடும். அரிதாகச் சிலருக்கு, யாருடைய கட்டளையும் இல்லாமல் மஜ்ஜை தானாகவே அணுக்களைப் பெருக்கும் பாலிசைத்தீமியா வீரா என்ற நோய் இருக்கும். அவர்களுக்கு ஆஸ்பிரினோடு, அவ்வப்போது ஊசி குத்தி ரத்தத்தை எடுத்துவிட்டு, ஹீமடோகிரிட்டை 45 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்கிறோம். ரத்தத்தை நிஜமாகவே நீர்க்க வைப்பது அந்த ஊசிதான், மாத்திரை அல்ல.