ஏமாற்று வாயில்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில், சிறு படகை மோட்டார் வண்டியின் பின்னே கட்டி இழுத்துச் சென்று, வேண்டிய துறையில் இறக்கித் தீவுகளைச் சுற்றிவரலாம். சௌகரியந்தான்! ஆனால் இறக்கிய பின் எஜமானன் நாமல்ல, சமுத்திரம்.

விட்பி தீவின் வடமுனையில் ‘டிஸெப்ஷன் பாஸ்’ என்றொரு குறுகிய ஜலசந்தி. 1792-ல் காப்டன் வான்கூவர் அத்தீவைத் தீபகற்பமென்று நம்பி ஏமாந்தார். அதனால் வந்த பெயர் அது. அங்கே நீரோட்டம் சில வேளைகளில் மணிக்கு 8 கடல் மைல். நம் பாய்ப்படகோ 5 மைல் ஓடினால் அதிகம். எதிர்த்தால், முன்னே போவதாக எண்ணிப் பின்னே போவோம், பின்னே பாறை.

ஆகவே, பஞ்சாங்கம் பார்ப்பதுபோல் நீரோட்ட அட்டவணையைப் பார்த்து, ஓட்டம் திரும்பும் சில நிமிஷங்களுக்காகக் காத்திருக்கிறோம். குழந்தைகள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். 1935-ல் கட்டிய பாலத்தின் கீழ் ஜலம் அடங்கியதும் புறப்படுகிறோம்.