மருந்தும் தோட்டமும் – 17: உறையில் எழுதாத சரக்கு

பழைய நூல்களில் 'காப்புரிமை மருந்து' என்று வழங்கும் சொல் பெரும்பாலும் பொருளுக்குப் பொருந்தாத பெயர். காப்புரிமை வேண்டுபவர் செய்முறையை அரசிடம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். இம்மருந்துகளை விற்றவர்களோ செய்முறையை மறைத்து, போத்தலின் பெயரையும் படத்தையும் மட்டுமே தமக்கு உரிமையாக்கிக்கொண்டார்கள். இவற்றின் வண்டவாளத்தை 1905இல் 'கோலியர்ஸ்' வார இதழில் சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் தொடராக எழுதினார். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் தூய உணவு, மருந்துச் சட்டம் நிறைவேறியது. சாராயமோ அபினோ கலந்திருந்தால் உறையில் அதைக் குறிப்பிட வேண்டும் என்று அச்சட்டம் கட்டளையிட்டது. ஆயினும், நோயைத் தீர்க்கும் என்ற பொய் வாக்குறுதி அதற்குள் அடங்காது என 1911இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததால், மறு ஆண்டே சட்டத்தைத் திருத்த நேர்ந்தது. உறையில் எழுதியது பொய்யா, எழுதாமல் விட்டது பொய்யா என்ற இந்த இரட்டைக் கேள்வியே பின்னர் பிற நாடுகளிலும் தொடர்ந்தது.

மலாயாவில் 1952இல் மருந்து விற்பனைச் சட்டம் வந்தது. அடுத்து 1956இல் வந்த விளம்பரச் சட்டம், நீரிழிவு, புற்று, ஆஸ்துமா, வலிப்பு, பக்கவாதம் முதலிய 20 நோய்களையும் கோளாறுகளையும் அட்டவணையிட்டு, அவற்றுக்கு மருந்து என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதைத் தடுத்தது. விற்பனைக்கு முன்பே ஒவ்வொரு மருந்தையும் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி 1984இல் எழுதப்பட்டு, அதை நடத்த மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையம் 1985இல் அமைந்தது. சூரணம், லேகியம், ஜாமு போன்ற பாரம்பரிய மருந்துகளின் பதிவு 1992இல்தான் தொடங்கியது. நாட்டு மருந்தையே பெரிதும் நம்பியிருந்த மக்களுக்கு இந்தக் காலதாமதம் சிறிய இழப்பன்று.

கெடா மாநிலத்தின் பீடோங் வட்டாரத்தில், உறையில் எழுதாமல் விடும் பொய்யின் பொருள் தனியாகவே விளங்கும். விடியுமுன் எழுந்து குனிந்து பால்மரம் சீவியவர்களும், இன்று செம்பனைக் குலை சுமப்பவர்களும் முழங்காலும் இடுப்பும் தேய்ந்து போகிறவர்கள். ஆகவே மூட்டுவலிக்கு 'வேர் மட்டுமே' என்று அச்சிட்ட மாத்திரை இங்கே எளிதில் விலைபோகும். மலேசியாவில் பிடிபட்ட இத்தகைய மாத்திரைகள் பலவற்றில், உறையில் ஒரு சொல்லும் இல்லாத டெக்ஸாமெத்தசோன் கலந்திருந்தது சோதனைக் கூடத்தில் தெரிய வந்திருக்கிறது. இது ஸ்டீராய்டு வகை மருந்து. அதாவது சிறுநீரகத்தின் மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பி இயல்பாகச் சுரக்கும் பொருளைப் போன்ற, ஆனால் அதைவிடப் பன்மடங்கு வலிமையுடைய செயற்கை மருந்து. சாப்பிட்ட ஓரிரு நாளில் வலி விட்டுவிடும், பசி எடுக்கும்; தொடர்ந்து உண்டால் முகம் பூரிக்கும். 'உடம்பு தேறியிருக்கிறது' என்று வீட்டார் மகிழும் அந்த முக வீக்கமே மருந்து செய்யும் கேட்டின் அடையாளம். இரத்தச் சர்க்கரை ஏறுகிறது, எலும்பு மெலிகிறது, சுரப்பியோ தன் வேலையை மறந்து ஓய்ந்து கிடக்கிறது. அந்நிலையில் மாத்திரை தீர்ந்துபோய்த் திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து வரலாம். எழுதிய பொய்யைவிட எழுதாத பொய் கொடியது என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை.

இவ்வாறு கலப்படம் தெரிந்த பொருள்களின் பதிவை ஆணையம் ரத்து செய்கிறது. பதிவில்லாத மருந்தை விற்கும் தனிநபருக்கு முதற்குற்றத்திலேயே 25,000 வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடந்தருகிறது. ஆனால் அமலாக்க அதிகாரி பெரும்பாலும் கடையைத்தான் சோதிக்கிறார். உறவினர் கைமாற்றித் தந்த போத்தல் அவர் கண்ணில் படுவதேயில்லை.

ஆகவே அதைப் பார்க்க வேண்டியவர் வாங்குபவரே. பதிவு பெற்ற மருந்தின் உறையில் 'எம்.ஏ.எல்.' என்ற மூன்று எழுத்துகளும், அவற்றை ஒட்டி எட்டு இலக்கங்களும், இறுதியில் ஓர் எழுத்தோ அதற்கு மேற்பட்ட எழுத்துகளோ இருக்கும். பாரம்பரிய மருந்தானால் அவற்றில் முதலாவது 'டி'. எண்ணையும் போலியாக அச்சிடுவார்கள் என்பதால், அது அதே பெயருக்கு உரியதுதானா என்பதைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் பதிவேட்டில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பெற்றோர் ஏற்கெனவே இத்தகைய மாத்திரையைப் பல வாரமாக உண்டு வந்திருந்தால், அதை வீட்டில் தாமாக நிறுத்திவிடாமல், போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு பீடோங் சுகாதார நிலையத்துக்கோ சுங்கைப்பட்டாணி மருத்துவமனைக்கோ அவர்களை அழைத்துச் செல்லுங்கள்.