எறிபொருள் எட்டும் உச்சி

மேல்நோக்கி எறியப்பட்ட பந்து எவ்வளவு உயரம் செல்லும்? எறிந்து பாராமலே இருபடிச் சார்பு இதனைக் கூறிவிடும். விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செங்குத்தாக எறிவதாகக் கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தை எளிமை கருதி விநாடிக்கு விநாடி 10 மீட்டர் எனக் கொண்டு, காற்றின் தடையை விலக்கினால்,

உயரம் = 20 × நேரம் − 5 × நேரம்²

வர்க்கத்தை நிறைவு செய்தால் இதுவே 20 − 5 × (நேரம் − 2)² என்றாகும். வர்க்கம் ஒருபோதும் குறை எண் ஆகாது. ஆதலின், கழிக்கப்படும் பகுதி பூச்சியமாகும் 2-ஆம் விநாடியில் பந்து 20 மீட்டர் என்னும் உச்சியை எட்டும். வேகத்தை இரட்டித்தால் உச்சி 80 மீட்டர், அதாவது நான்கு மடங்காகும்.

1963 நவம்பர் 21-இல் கேரளத்தின் தும்பாவிலிருந்து ஏவப்பட்ட நைக்கி-அப்பாச்சி ராக்கெட்டு, மேல் வாயுமண்டலக் காற்றோட்டத்தை ஆராயும் பொருட்டுச் சோடிய ஆவிக் கருவியை ஏந்திச் சென்றது. இத்தகைய கருவி உரிய உயரத்தை எட்டாவிடில் ஆய்வு வீணாகும். எரிபொருள் தீர்ந்தபின் ராக்கெட்டும் ஓர் எறிபொருளே. அப்போது மேல்நோக்கியுள்ள வேகமே எஞ்சிய ஏற்றத்தை முடிவு செய்கிறது. அவ்வேகம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், ஏற்றம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். 200 கிலோமீட்டர் உயரத்தில் புவியீர்ப்பு சுமார் 6 விழுக்காடு தளர்வதால், நுண்கணக்கிற்குத் திருத்தம் வேண்டும். ஆயினும் முதல் மதிப்பீட்டை அளிப்பது இவ்வெளிய சார்பே ஆகும்.