அரசாங்க ஏடுகளும் குடிமக்களும்



வன்னிநாட்டு ஊர்ப்பெயர்களுட் பல குளத்தின் பெயர்களே. வவுனியா நகருக்கு அணித்தாயுள்ள நெளுக்குளமும் அவ்வாறு பெயர்பெற்ற ஊர்தான். குளத்தை அடுத்து வயல், வயலை அடுத்துக் குடி, அக்குடியைப் பற்றி அரசாங்கத்திடம் ஏடு என்பதே இவ்வூர்களின் அமைப்பு. ஏடு என்று ஈண்டுக் குறிப்பது பிறப்பு, விவாக, இறப்புப் பதிவுகளையும், காணி உத்தரவுப் பத்திரங்களையும், உறுதிகளையும், குளக்கட்டுத் திருத்தியதற்கான கணக்குகளையுமாம்.

2009ஆம் ஆண்டுவரை நிகழ்ந்த போரிலே வன்னி மக்கள் ஒரு முறையன்று, பல முறை இடம்பெயர்ந்தனர். ஓடியவர் கையிற் பிள்ளை இருந்தது. பெட்டியிலிருந்த பத்திரம் வீட்டோடு போயிற்று. பின்னர் ஊர் திரும்பியோர் பலர், காணிக்கு ஆதாரம் எங்கே, பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ் எங்கே என்னும் வினாக்களுக்கு விடைகூற இயலாது தவித்தனர். கையிலிருந்த தாள் அழிந்தால் உரிமையும் அழிந்துவிட்டது என்று கருதுவோர் இன்றும் உளர். அது பிழையான எண்ணம். நம் கையில் இருந்தது பிரதி மாத்திரமே. மூலம் பிறிதோரிடத்தில் இருத்தல் கூடும்.

பிறப்புப் பதிவை எடுத்துக்கொள்வோம். இதன் பொறுப்பு பதிவாளர் தலைமையதிபதி திணைக்களத்துக்கு உரியது. அத்திணைக்களத்தின் இணையத்தளத்திலே, தமிழ் உட்பட மும்மொழிகளிலும், பிறப்பு, விவாக, இறப்புச் சான்றிதழ்களின் பிரதிகளுக்கு விண்ணப்பிக்கலாம். இணையத்தொடர்பு இல்லாதவர் பிரதேச செயலகத்துக்கு நேரிற் செல்லலாம். பதிவெண்ணும் பதிவுத் திகதியும் தெரிந்தால் வேலை விரைவில் முடியும். அவை தெரியாவிடின் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த இடம், பிறந்த ஆண்டு ஆகியவற்றை இயன்றளவு திட்டமாகக் குறிப்பிடல் வேண்டும். "அறுபதுகளில் ஒருநாள்" என்று எழுதினால் எந்த எழுதுவினைஞரும் எத்தனை ஏட்டைப் புரட்டுவார்? பழைய பாடசாலைச் சேர்வுப் பதிவேடு, கோயில் அல்லது தேவாலயக் குறிப்பு முதலியன ஆண்டைக் கண்டுபிடிக்கப் பெரிதும் உதவும்.

காணி உறுதியும் அத்தகையதே. நொத்தாரிசு ஒருவர் உறுதி எழுதினால் அதன் இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புதல் அவருடைய சட்டக் கடமை. ஆதலின் வீட்டுப் பிரதி எரிந்துபோனாலும் பதிவகத்துப் பிரதியைத் தேடிப் பெற வழியுண்டு. நொத்தாரிசின் பெயரும், உறுதியின் எண்ணும், திகதியும் தெரிந்திருத்தல் நன்று. ஆயினும் வன்னியிற் பெருந்தொகையானோர் உறுதிக் காணியில் வாழ்பவரல்லர். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட உத்தரவுப் பத்திரத்தை, ஊர்வழக்கிற் சொன்னால் 'பெர்மிட்'டை, வைத்திருந்தவர்கள். அதன் பதிவைத் தேடவேண்டிய இடம் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையாகும்.

இனி, கேட்டும் மறுமொழி வாராதவிடத்துச் செய்வது யாது? அதற்கே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உளது. 2015இற் செய்யப்பட்ட பத்தொன்பதாவது திருத்தத்தினால் இவ்வுரிமை அரசியலமைப்பிலேயே இடம்பெற்றது. சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. சுவீடன் தேசத்தார் இத்தகைய உரிமையை 1766லேயே சட்டமாக்கினர். நாம் இரண்டரை நூற்றாண்டு பிந்தினோம். எனினும் நமது சட்டம் பயன்மிக்கதே.

நெளுக்குளத்துக் கமக்காரர் சிலர், தம் ஊர்க் குளக்கட்டுத் திருத்தத்துக்கு எவ்வளவு செலவாயிற்று என்று அறிய விரும்புவதாக வைத்துக்கொள்வோம். குளம் எத்திணைக்களத்தின் பொறுப்பு என்பதை அவர்கள் முதலில் அறியவேண்டும். ஏறத்தாழ 200 ஏக்கருக்கு உட்பட்ட வயற்பரப்புக்கு நீர் பாய்ச்சும் சிறு குளங்கள் பொதுவாகக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தைச் சாரும். பெருங்குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களங்களைச் சாரும். அவ்வலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுதவேண்டும். அப்படியொருவர் நியமிக்கப்படாவிடின் அலுவலகத் தலைவரே தகவல் அலுவலராகக் கொள்ளப்படுவார். தமிழிலேயே எழுதலாம், மின்னஞ்சலிலும் அனுப்பலாம். எழுத இயலாதவர் வாயாற் சொன்னால், அதனை எழுத்திற் பதிந்துகொள்ளுதல் அலுவலரின் கடன். ஏன் கேட்கிறீர் என்று காரணம் வினவ அவருக்கு உரிமையில்லை. தனிமனிதர் மாத்திரமன்றி, உறுப்பினருள் முக்காற் பங்கினர் குடிமக்களாயுள்ள சங்கமும் கேட்கலாம். இவ்விதி கமக்காரர் அமைப்புகளுக்கு மிக நல்ல வாய்ப்பு. ஒருவர் பெயரில் வரும் கோரிக்கையைவிட ஊரின் பெயரில் வருவது கேட்பவருக்கும் துணிவு தரும்.

கேட்கும் முறையிலேதான் பலர் தவறுகின்றனர். "குளவேலை ஏன் ஒழுங்காக நடைபெறவில்லை?" என்பது முறைப்பாடு, அதற்கு ஏடு விடைகூறாது. "இன்ன ஆண்டில் இன்ன குளத்தின் திருத்த வேலைக்குரிய மதிப்பீடு, ஒப்பந்தப் பத்திரம், அளவீட்டுக் குறிப்பு, கொடுப்பனவுப் பற்றுச்சீட்டு ஆகியவற்றின் பிரதிகளைத் தருக" என்று எழுதினால் தப்ப வழி குறைவு. சட்டம் தருவது விளக்கத்தையன்று, பத்திரத்தை. விளக்கம் பத்திரத்தைப் படித்தால் தானே தோன்றும்.

கோரிக்கையைக் கொடுத்ததும், பெற்றுக்கொண்டமைக்கு எழுத்திற் சான்று பெறுதல் வேண்டும். இதை மறவாதீர்கள், நாட்கணக்கெல்லாம் அதிலிருந்தே தொடங்கும். தருவதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலைநாட்களுள் அறிவித்தல் வேண்டும். தருவதென முடிவாயின், கட்டணம் உளதாயின் அதனைச் செலுத்தியபின், 14 நாட்களுள் தகவல் கிடைக்கவேண்டும். பத்திரங்கள் மிகுதியாயின் மேலும் 21 நாள்வரை நீடிக்கலாம். கேட்பவரின் உயிரையோ தனிமனித சுதந்திரத்தையோ பற்றிய தகவலாயின் 48 மணித்தியாலத்துள் விடை கிடைத்தல் வேண்டும்.

மறுப்பு வந்தால் 14 நாட்களுள் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அவரும் கைவிட்டால் இரண்டு மாதத்துள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவை நாடலாம். பிறருடைய தனிப்பட்ட விடயம், நாட்டின் பாதுகாப்பு முதலிய காரணங்களாற் சில மறுக்கப்படலாம்; ஆனால் பொதுநலம் அவற்றினும் மேம்பட்டதாயின் வெளியிடல் வேண்டும் என்றும் சட்டம் கூறுகின்றது.

எல்லாவற்றுக்கும் இச்சட்டத்தைத் தூக்குதலும் வேண்டாம். வர்த்தமானிகள் அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் தளத்திலும், பாராளுமன்ற விவாதங்கள் பாராளுமன்றத் தளத்திலும், கணக்காய்வு அறிக்கைகள் தேசிய கணக்காய்வு அலுவலகத் தளத்திலும் யாவரும் படிக்கக் கிடக்கின்றன. பிரதேச சபையின் வரவு செலவிலே குறை கண்டவர்கள் முதலிற் கணக்காய்வு அறிக்கையைப் பார்த்தல் நன்று. அவர்கள் ஐயுற்றதை அதிபதியே முன்னர் எழுதிவைத்திருத்தல் கூடும்.

இன்னும் பழைமையை நாடுவோர்க்குக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களம் உளது. ஆங்கிலேயர் காலத்து அரசாங்க அதிபர்கள் எழுதிய நாட்குறிப்புகள் ஆங்குப் பேணப்படுகின்றன. வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளைப் பற்றி ஜே. பி. லூயிஸ் என்னும் அதிகாரி 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூலும் உண்டு. அதனை முதலிற் படித்து ஊரும் ஆண்டும் குறித்துக்கொண்டு சென்றால், சுவடிக்கூடத்தில் எந்தக் கட்டைக் கேட்பது என்பது விளங்கும்.