பட்டத்துக்கு முன்பே தொடங்கும் கடன்

இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களில் இளமாணிப் பட்டத்துக்குக் கட்டணம் அறவிடப்படுவதில்லை என்பதால், உயிரிரசாயனவியல் கற்கச் செல்லும் மாணவர் கடன்படுவதில்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இரத்தினபுரி மாவட்டத்தின் கலவான பகுதியிலுள்ள தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் இந்த எண்ணம் நிற்காது. அங்கே கடன் பல்கலைக்கழக வாசலில் அல்ல, சாதாரண தரப் பெறுபேறு வந்த மறுநாளே தொடங்கிவிடுகிறது.

உயிரிரசாயனவியல் என்பது உயிர்க்கலங்களுக்குள் நிகழும் இரசாயன மாற்றங்களை ஆராயும் துறை. உருட்டிய கொழுந்து பச்சை நிறம் இழந்து செம்பு நிறமாக மாறுவதும், அதற்குக் காரணமான நொதியம், அதாவது இரசாயன மாற்றத்தை விரைவுபடுத்தும் புரதம், இலைக்குள்ளேயே இருப்பதும் இத்துறையின் பாடங்கள் என்பதால், தோட்டத்துப் பிள்ளைக்கு இது அந்நியமான படிப்பன்று. ஆயினும் அதற்குள் நுழைய உயர்தரத்தில் உயிரியல் பிரிவைக் கற்றாக வேண்டும்; அதைத் தமிழில் கற்பிக்கும் பாடசாலை இம்மாவட்டம் அடங்கும் சப்ரகமுவ மாகாணத்தின் தோட்டப்புறத்தில் மிக அரிது. ஹற்றனுக்கோ பதுளைக்கோ கொழும்புக்கோ பிள்ளையை அனுப்பும் குடும்பம் விடுதிக் காசு, பஸ் காசு, இரசாயனவியலுக்கும் பௌதிகவியலுக்கும் தனியார் வகுப்புக் காசு என்று மாதந்தோறும் தேடியாக வேண்டியிருக்கிறது.

அந்தப் பணம் வரும் வழிகளை எந்த வங்கிக் கணக்கும் காட்டாது. தோட்டம் கொடுக்கும் தீபாவளி முற்பணம் புத்தாடைக்கு முன் விடுதிக்குப் போகிறது. பின்னர் அது மாதச் சம்பளத்தில் துண்டு துண்டாகக் கழிகிறது. தாயின் தோடு அடகுக்குப் போகிறது. தவணை முடியும்போது வட்டியை மட்டும் கட்டிச் சீட்டைப் புதுப்பிப்பதால் முதல் குறையாமலே இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதியில் சேர்ந்த பணத்தின் ஒரு பகுதியை வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் முன்கூட்டிப் பெறச் சட்டம் இடமளித்தாலும் பிள்ளையின் படிப்புக்கு அந்த வழி இல்லை. நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயாகவும் உயர்ந்தது உண்மை; ஆனால் ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இந்தப் பகுதியில், மழை நாளில் இறப்பர்ப் பால் வெட்ட முடியாதபோது பேர் விழாது, அதாவது அன்றைய வேலை பதிவாகாது; பேர் விழாத நாளுக்குச் சம்பளமும் இல்லை.

பல்கலைக்கழகம் கிடைத்தபின் மகாபொலப் புலமைப்பரிசில் உதவுகிறது. அதன் மாதத் தொகையை 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆக உயர்த்துவதாக 2025 வரவுசெலவுத் திட்டம் அறிவித்தது. அரசு 2017இல் தொடங்கிய வட்டியில்லா மாணவர் கடனோ, அரச பல்கலைக்கழக இடம் கிடைக்காது அங்கீகரிக்கப்பட்ட தனியார் நிறுவனங்களில் பட்டம் பயில்வோருக்கானது. பதினாறு வயதில் விழுந்த கடனை இவ்விரண்டும் தொடுவதில்லை.

இந்தக் கடனுக்கு எதிரே வைக்கவேண்டிய பட்டதாரியின் ஆரம்ப வருமானம் மெலிந்தது, அதிலும் தாமதமாக வருவது. உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இடையிலான காத்திருப்பையும் நான்காண்டுச் சிறப்புப் பட்டத்தையும் கூட்டினால் மாணவர் இருபத்தைந்தை எட்டிவிடுகிறார். இரத்தப் பரிசோதனை செய்யும் ஆய்வுகூட வேலை இந்தப் பட்டத்தோடு கிடைக்கும் என்று பல பெற்றோர் நம்புகின்றனர். அந்தத் தொழிலுக்கு மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானத்தில் தனிப் பயிற்சியும் இலங்கை மருத்துவ சபையின் பதிவும் தேவை. எஞ்சுபவை உணவு, மருந்துத் தொழிற்சாலைகளின் தரக்கட்டுப்பாட்டுப் பணி, குறித்த காலத்துக்கான ஆய்வு உதவியாளர் பணி, போட்டிப் பரீட்சை அறிவிக்கப்படும்போது ஆசிரியர் பணி ஆகியனவே. முதுமாணி அல்லது கலாநிதிப் பட்டத்தின் பின் வெளிநாட்டிலும் உள்நாட்டிலும் நல்ல வருமானம் உண்டு என்போரின் வாதம் சரியே; அதுவரை யார் வட்டி கட்டுவது என்பதற்கு அதில் விடை இல்லை.

வட்டியைப் பெரும்பாலும் அக்காவே கட்டுகிறாள் என்பதுதான் இக்கணக்கில் மிகவும் கவலை தரும் வரி. கொழும்பில் கடையிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ வேலை செய்து அவள் அனுப்பும் பணத்தில் தம்பியின் படிப்பு நகர்கிறது. சாதாரண தரத்தோடு நின்ற அவள் படிப்பையும், அவளுக்குச் சேராத சேமிப்பையும் எந்தப் பட்டத்தின் செலவுப் பட்டியலிலும் எவரும் சேர்ப்பதில்லை. தம்பிக்காகப் பட்ட கடன் தீரும் முன்பே தங்கை உயர்தரத்துக்கு வந்துவிட்டால், அவளுக்கு அருகிலுள்ள பாடசாலையின் கலைப்பிரிவே போதும் என்று வீட்டில் முடிவாகிவிடுகிறது. ஒரு வீட்டில் ஒரு பட்டதாரி உருவாக இரண்டு பெண்பிள்ளைகளின் வாய்ப்புச் செலவாகிறது என்றால், அந்தப் பட்டம் இலவசம் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

தலவாக்கலையில் தலைமையகத்தையும் இரத்தினபுரியில் கிளை நிலையத்தையும் கொண்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்திலும், அகலவத்தையிலுள்ள இறப்பர் ஆராய்ச்சி நிறுவகத்திலும் உயிரிரசாயனவியல் பிரிவுகள் உள்ளன. கொழுந்து பறித்தும் பால் வெட்டியும் அத்தொழில்களைத் தாங்குவோரின் பிள்ளைகளில் இத்துறையில் பட்டம் பெறுவோருக்கு, முதல் இரண்டு ஆண்டுகளுக்கேனும் சம்பளத்துடன் கூடிய பயிற்சி இடங்களை அங்கே ஒதுக்க வேண்டும். அதற்கும் முன்பாக, கலவானத் தோட்டங்களிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் தமிழ்மொழி மூல உயர்தர உயிரியல் வகுப்பொன்றை மாகாணக் கல்வித்துறை திறக்க வேண்டும்.