சுமையும் முதுகெலும்பும்

கொடைக்கானல் சந்தையருகே நின்று பார்த்தவர்க்கு அக்காட்சி புதிதன்று. பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கங்களிலிருந்து வந்த உருளைக்கிழங்கு, காரட் மூட்டைகள் லாரியில் ஏறுகின்றன. குனிந்து, பற்றி, உடலை ஒருபுறம் திருப்பி, மூட்டையை முதுகில் ஏற்றி நடக்கிறார்கள் நம் சகோதரர்கள். "நல்ல உழைப்பாளி" என்று பாராட்டிவிட்டு நாம் நம் வழியே போகிறோம்.

நமக்குப் பழக்கமான அத்தகைய உழைப்பாளி ஒருவர் நாற்பத்திரண்டு வயதில் பாயில் விழுந்தார். மூட்டையை இறக்கும்போது இடுப்பில் "சடக்" என்றதாம்; வலி கால்வரை இறங்கியது. "என்ன பாவம் செய்தேனோ, சாமி" என்று எம்மிடம் கலங்கினார். அது பாவத்தின் விளைவன்று, கணக்கின் விளைவு. அக்கணக்கைக் குடும்பங்கள் அறிதல் நலம்.

முதுகெலும்பு ஒரு நெம்புகோல் போன்றது. எலும்புகளுக்கு நடுவிலுள்ள இடைத்தட்டே அதன் ஆதாரப்புள்ளி. அதற்குப் பின்னே சுமார் 5 சென்டிமீட்டரில் தசைகள் இழுக்கின்றன. 20 கிலோ எடையை 50 சென்டிமீட்டர் முன்னே ஏந்தினால், அவ்வெடைக்கு மட்டுமே தசைகள் 200 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். உடலோடு அணைத்து 25 சென்டிமீட்டரில் ஏந்தினால் அது பாதியாகும். குனிந்தபடியே திரும்பினால் இடைத்தட்டின் நார்கள் முறுக்குண்டு நாளடைவில் கிழியும். தட்டு பிதுங்கி நரம்பை அழுத்தும்.

அமெரிக்க அரசின் தொழில்நல ஆய்வு நிறுவனம் 1991இல் திருத்திய கணக்கின்படி, எல்லா வசதியும் அமைந்த நிலையிலேயே தூக்கத்தக்கது 23 கிலோதான். பன்னாட்டுத் தொழில் அமைப்பு 1967இல், வளர்ந்த ஆண்மகனுக்கு உச்சவரம்பாக 55 கிலோவைப் பரிந்துரைத்தது. ஊறு விளைக்கத்தக்க சுமையை எவரையும் தூக்கவைத்தலாகாது என்று நம் நாட்டின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 34ஆம் பிரிவில் விதித்தது. ஆயின் ஒரு சிமெண்டு மூட்டை 50 கிலோ. நம் வீட்டுக்கு வரும் நிறைந்த எரிவாயு உருளையே ஏறக்குறைய 30 கிலோ!

"முழங்காலை மடக்கித் தூக்கு" என்று சொல்லிக் கொடுத்தால் போதாதா? நல்லதுதான், ஆனால் பயிற்சி மட்டும் முதுகுவலியைக் குறைத்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. இடுப்புப் பட்டை காக்கும் என்பதற்கும் உறுதியான சான்றில்லை. இம்மலையின் வரலாறே இதற்கு விடை தருகிறது. 1914–16இல் மோட்டார்ச் சாலை திறக்கப்படுமுன், துரைமார்களும் அவர்தம் பெட்டிகளும் கூலியாட்களின் தோளிலேயே மலையேறினர். சுமந்தவருக்குச் சுமக்கும் முறையைக் கற்பித்ததால் அச்சுமை தீரவில்லை. வழி மாறியதால் தீர்ந்தது.

ஆதலின் வழியை மாற்றுவோம். மூட்டைகளைச் சிறிதாகக் கட்டுவோம். தரையில் குவியாது, இடுப்பளவு மேடையில் அடுக்குவோம். தள்ளுவண்டி தருவோம், பெருஞ்சுமையை இருவர் தூக்கட்டும். கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடக்க முடியாவிட்டாலோ, எண்ணெய் தடவிக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு விரைக.

ஒரு மூட்டையை இரண்டாகக் கட்டக் கூடுதலாக வேண்டியது ஒரு சாக்கு. அச்சாக்கின் விலையையும், பாயில் கிடக்கும் அத்தந்தையின் முதுகின் விலையையும் வணிகப் பெருமக்கள் ஒப்பிட்டுப் பார்ப்பார்களாக.